முன்வண்டிக்கும் உன் வண்டிக்கும் நடுவில்

அந்தோணி, நான்கு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. உன் அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய். பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் சிக்னல் இல்லை என்கிறாய். நீ இருக்கிற பழனி லாரி ஷெட்டில் சிக்னல் இல்லாமல் போனதாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். என் வலது கை பேனாவைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறவள் உன் தங்கை லூர்து. நான் சொல்லச் சொல்ல, என் பேச்சைக் கொஞ்சம் திருத்தி, புத்தகத்தில் இருப்பதுபோல எழுதுகிறாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்தில் அவள் நம் இரண்டு பேரையும்விட மேல். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, யாராவது புதிதாக வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிற பிள்ளை, இன்றைக்கு எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். இது உனக்கு மட்டுமான கடிதமும் இல்லை. வேறு யாரெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நாக்பூர் போகிற பெரிய வண்டியை எடுக்கிறாய் என்று அம்மா சொன்னாள். பன்னிரண்டு சக்கரம். மலையில் நீ ஓட்டிய காய்கறி லாரியைவிட இரண்டு பங்கு எடை. சமவெளியில், நாலுவழிச் சாலையில், இங்கே இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்கியதைப் போல இல்லாமல், காலை நீட்டி ஓட்டப் போகிறாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ முன்வண்டியை ஒட்டிப் போகிறவன். அதே பழக்கத்தோடு நீ அந்தச் சாலைக்குப் போகிறாய் என்று நினைக்கும்போது, மண்டியில் கேரட் மூட்டைக்கு அடையாளம் போடுகிற என் இடது கையும் நின்றுவிடுகிறது. உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வர என்னால் முடியாது. வந்தாலும் இறக்கிவிட்டுவிடுவாய். அதை ஒரு முறை பார்த்துவிட்டோம்.

அன்றைக்கு நடந்ததை நீ எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கையைக் காட்டுவதற்குப் பழனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. உன் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். பெருமாள்மலை தாண்டியதும் முன்னால் ஓர் உருளைக்கிழங்கு லோடு. நீ அதற்கு எவ்வளவு கிட்டே போனாய் என்றால், அதன் பின்பலகையில் பெயின்டர் தன் பெயரை மூலையில் சின்னதாக எழுதியிருந்ததைக் கண்ணாடி போடாமல் நான் படித்தேன். முன்வண்டியின் நம்பர் தெரிந்தாலே கிட்டே இருக்கிறோம் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஏலே, கொஞ்சம் தள்ளி வா என்றேன். தள்ளித்தாம்ப்பா இருக்கேன் என்றாய். இடைவெளி அளக்க நாம் சொல்கிற மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொன்னியா என்று கேட்டேன். சொல்லி முடிச்சு ரெண்டு தடவை ஆச்சு என்று சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வளைவில் சுற்றுலாக் கார் ஒன்று உன்னைத் தாண்டி, இருந்த அந்தக் கொஞ்ச இடத்துக்குள்ளும் மூக்கை நுழைத்தது. நீ ஹாரனை அழுத்தியபடியே பேச ஆரம்பித்தாய்.

"பாத்தீங்களா? எடம் விட்டா கார்க்காரன் நுழையுறான். அவனுக்கு எடம் விட்டா இன்னொருத்தன் நுழையுறான். நீங்க சொல்ற மாதிரி ஓட்டினா நான் பின்னாடியே போய்ப் போய் நம்ம ஊரு பள்ளங்கிக்கே திரும்பிருவேன்."

உன் வாயில் எப்போதும் நியாயம் போலவே ஒன்று இருக்கும். நுழைந்தால் நுழையட்டும்டா. ஒரு கார் உள்ளே வந்தால் நீ பின்வாங்க வேண்டியது ஒரு மூச்சு நேரம். அடிவாரம் வரை இருபது கார் நுழைந்தாலும் பாலசமுத்திரத்தில் ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட உனக்குக் கூடுதலாக ஆகாது. இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தள்ளிப் போ, தள்ளிப் போ என்று கத்தினேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எனக்குத் தைரியம் சொல்வதுபோலச் சொன்னாய்.

"உங்களுக்கு ஆன மாதிரி எனக்கு ஆகாதுப்பா. செல்வராசு மாமா வண்டி மாதிரி லைட்டு எரியாத வண்டி பின்னாடி நான் போகமாட்டேன். முன்வண்டியோட பிரேக் லைட்டு எரியுதான்னு பாத்துக்கிட்டுத்தான் ஒட்டிப் போறேன். செவப்பு தெரிஞ்சா கால் தானா பிரேக்குக்குப் போயிரும்."

மூன்று வருடத்துக்கு முன்னால் என் கை போன விபத்தைத்தான் நீ சொன்னாய். நிறுத்து, நான் இறங்குறேன் என்றேன். என் கோபம் உன்மேல் என்று நினைத்துத்தான் நீ நிறுத்தினாய். சவரிக்காட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கி நின்றேன். நீ கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போய்விட்டாய். கீழே இரண்டு வளைவு தள்ளி, மரங்களுக்கு நடுவே, உன் வண்டி அந்த உருளைக்கிழங்கு லாரியைப் பிடித்து அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். பஸ் வரும்வரை அங்கேயே நின்றிருந்தேன். உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் நான். கொடுத்தது நான் சொன்ன ஒரு பொய்.

பொய்யைச் சொல்வதற்கு முன்னால், முன்வண்டிக்கு விடுகிற இடைவெளியின் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலருக்கு நம் வீட்டு அளவு வேடிக்கையாக இருக்கும். கல்யாணமான வருடம் உன் அம்மாவைப் பாலசமுத்திரத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு என் லாரியில்தான் கூட்டிப் போவேன். மலையில் பிறக்காதவள் அவள். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு மங்கள வார்த்தை ஜெபத்தைச் சத்தமாகச் சொல்வாள். முன்வண்டிக்குக் கிட்டே போனால் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். தள்ளிப் போனால் நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடிப்பாள். அவளைப் பயப்படாமல் கூட்டிப் போக வேண்டும் என்று, முன்வண்டி ரோட்டோரத்து வெள்ளைக் கல்லைத் தாண்டும்போது அவளை ஆரம்பிக்கச் சொல்லி, அவள் முடித்த பிறகு நம் வண்டி அந்தக் கல்லைத் தொடுகிற மாதிரி பின்வாங்கிக்கொண்டேன். காய்ந்த ரோட்டில் காலி வண்டிக்கு ஜெபத்தின் முதல் பாதி. லோடோடு இறங்கும்போதும், மழையிலும், மூடுபனியிலும் முழு ஜெபம். அந்த அளவில் பல வருடம் எனக்கு ஒரு கீறல் இல்லை. அடிக்கணக்கு என்றால் வேகத்துக்கு வேகம் மாறும், கண்ணால் அளக்கவும் முடியாது. ஜெபத்தின் நீளம் எந்த வேகத்திலும் அதேதான். நீ ஸ்டியரிங் பிடித்தபோது உனக்கும் அதைத்தான் கொடுத்தேன்.

இதில் ஒரு தப்பு நடந்தது. அது எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. ஒரே ஜெபத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை, ஒவ்வொரு கல்லிலும் சொல்லிச் சொல்லி, என் வாய் அதை வேகமாக ஓட்டப் பழகிவிட்டது. முதலில் மூச்சு விடும் இடங்கள் போயின. பிறகு சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசியில் ஆரம்பமும் முடிவும் மட்டும்தான் நாக்கில் இருந்தன, நடுவில் ஒரு முணுமுணுப்பு. ஜெபம் சுருங்கச் சுருங்க இடைவெளியும் சுருங்கியது. நானோ, சொல்லி முடித்துவிட்டேனே, தள்ளித்தான் இருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுருங்கிய ஜெபத்தைத்தான் கேட்டுப் பழகினாய். அதை நீ இன்னும் சுருக்கிவிட்டாய்.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவள் லூர்து. அவளுக்கே அது தெரியாது. விபத்துக்குப் பிறகு நான் கட்டிலில் கிடந்த மாதங்களில், கேரட் கழுவுகிற இடத்திலிருந்து அம்மா வர இருட்டிவிடும் என்பதால், சாயங்கால ஜெபமாலையை லூர்துதான் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, யாரோ கேட்டுத் திருத்தப் போகிறார்கள் என்கிற பயத்தோடு சொல்வாள். அவள் பாதி வரும்போதே நானும் நீயும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். இவ சொல்லி முடிக்கறதுக்குள்ள காய் ஒட்டன்சத்திரம் போய் வித்தே போயிரும் என்று நீ சொல்வாய். அவள் முகம் சிவந்துபோகும். நானும் சிரித்தேன். ஒரு நாள் நீ இல்லாதபோது, எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்ததால் சும்மா நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழு ஜெபத்துக்குப் பன்னிரண்டு நொடி. அதே ஜெபத்துக்கு என் வாய் ஐந்து. மறுபடி பார்த்தேன். ஐந்துதான். உன் அம்மா அந்த முதல் வருடத்தில் சொன்ன வேகமும் இவள் சொல்கிற வேகமும் ஒன்று. இவள் மெதுவாகச் சொல்லவில்லை, நாம்தான் பறந்துகொண்டிருந்தோம். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி கேட்பாய். அப்படியென்றால் அன்றைக்கு நீங்கள் எவ்வளவு கிட்டே இருந்தீர்கள் என்று கேட்பாய். அதற்குப் பயந்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்த நாள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். கூக்காலில் லோடு ஏற்றிய செல்வராசு மாமா முன்னால், பள்ளங்கியில் ஏற்றிய நான் பின்னால். பெருமாள்மலையில் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். இரண்டு வண்டியிலும் கழுவின கேரட். ஏற்றும்போது ஈரம் வடியாமல் ஏற்றியிருந்தார்கள். முன்வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டி, காய்ந்த ரோட்டில் நடுவே கறுப்பாக ஒரு கோடு போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கோட்டின்மேல்தான் என் டயர். மழை இல்லாத ரோட்டில் நான் மட்டும் ஈரத்தில் ஓட்டுகிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. சவரிக்காட்டுக்கு முன்னால் மூடுபனி இறங்கியது. நாம் டிரைவர்கள் என்ன செய்வோம் என்பது உனக்கே தெரியும். ரோடு தெரியாவிட்டால் முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போவோம். விளக்கு மங்கினால் இன்னும் கிட்டே போவோம். தள்ளிப் போக வேண்டிய நேரத்தில், தெரியவில்லை என்பதற்காகக் கிட்டே போகிறவர்கள் நாம்தான். நானும் போனேன். முன்னால் போகிறவருக்கு மட்டும் ரோடு தெரியுமா என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

வளைவு முடிகிற இடத்தில் காட்டுமாடுகள் ரோட்டைக் கடந்தன. செல்வராசு மாமா நிறுத்தினார். எந்த நல்ல டிரைவரும் அதைத்தான் செய்வான். அவருடைய பிரேக் விளக்கு எரிந்தது.

இதைச் சொன்னதும் லூர்து பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். போன வாரம் செல்வராசு மாமாவைப் பார்க்கக் கூக்காலுக்கு என்னோடு வந்தவள்தான், அவர் வாசலில் நின்று நான் இதைச் சொன்னதைக் கேட்டவள்தான். ஆனாலும் காகிதத்தில் எழுத வேண்டும் என்றபோது அவளால் முடியவில்லை. வெளியே போய்க் குழாயடியில் ஏதோ பாத்திரத்தைத் துலக்கினாள். துலக்கி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, திரும்பச் சொல்லுங்க என்றாள். திரும்பச் சொன்னேன்.

விளக்கு எரிந்தது, அந்தோணி. இரண்டு பக்கமும் எரிந்தது. பனிக்குள் சிவப்பு பெரிதாவதை நான் பார்த்தேன். பார்த்த அந்தக் கணமே, நீ சொன்ன மாதிரி, கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பத்து டன் கேரட்டுக்கு என் கால் போனது தெரியாது. பிரேக் டிரம் ஏற்கெனவே இறக்கத்தில் சூடேறிப்போய் இருந்தது. டயருக்குக் கீழே அவருடைய கேரட்டின் தண்ணீர். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் அவருடைய வண்டியை முட்டி, அதைத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் வைத்தது. சுவர் தாங்கியதால் இரண்டு பேரும் பள்ளத்துக்குப் போகவில்லை. என் மணிக்கட்டு ஸ்டியரிங்கில் நொறுங்கியது. அவருடைய வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. கம்பியால் நெம்பி எடுக்கும்வரை அவர் என் பெயரைச் சொல்லி, நீ நல்லாருக்கியாய்யா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு போலீஸ்காரர் என்னிடம் கேட்டார். முன்வண்டி பிரேக் லைட் எரிஞ்சதாய்யா என்று. பின்விளக்கு இரண்டும் என் பம்பரில் தூள்தூளாகிக் கிடந்தன. எரிந்ததா இல்லையா என்று இனி யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. எரியலைங்க என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து அதுவாக வந்தது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு ஆயிரம் நாள் கிடைத்தது. ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஊன்றுகோலோடு திரும்பி வந்தபோது பெருமாள்மலை லாரி ஸ்டாண்டு முழுவதும் அந்தக் கதைதான். லைட்டைப் பார்க்காமல் வண்டியை எடுத்தவன் என்று அவரைச் சொன்னார்கள். எரிந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். காலும் போய் வேலையும் போனவன் அப்படித்தான் சொல்வான் என்று சிரித்தார்களாம். எனக்கு எல்லோரும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாதா கோயில் திருவிழாவில் எவனோ, உங்கப்பன் ஒட்டிப் போயிருப்பான்டா என்று சொன்னதற்கு நீ அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டு வந்தாய். உதட்டில் ரத்தத்தோடு வந்து நின்ற உன்னை நான் திட்டவில்லை. உன் அம்மா மஞ்சள் வைத்தாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். வலியில் திரும்பினேன் என்று நீங்கள் நினைத்தீர்கள்.

அந்தப் பொய்யால் செல்வராசு மாமா கெட்டார் என்று மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சமையலும் கைவேலையும் செய்து ஊட்டிவிடப் பள்ளிக்கூடத்தை விட்ட லூர்துவும் அதில் சேருவாள் என்பது பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னதைக் கேட்டுத்தான் மூன்றாவது ஆள் யார் என்று தெரிந்தது. விளக்கு எரியாததால்தான் அப்பா முட்டினார், எரிந்தால் நிறுத்திவிடலாம் என்று நீ நம்புகிறாய். அந்த நம்பிக்கையில்தான் ஒட்டிப் போகிறாய். சிவப்பைப் பார்த்தபின் நிறுத்த முடியாது. பார்ப்பதற்கு முன்னால் விட்டு வைத்திருக்கிற இடம்தான் வண்டியை நிறுத்தும். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பார்த்தேன். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் கூக்காலுக்குப் போனேன். தனியாக பஸ் ஏற என் கை ஒத்துழைக்காது என்று லூர்து துணைக்கு வந்தாள். ஏரிக்கு மேல் பக்கம் அவர் வீடு. வாசலில் சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாய்யா. மூணு வருசமாச்சா கூக்காலுக்குப் பஸ் கெடைக்க?"

நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொல்லியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். லைட்டு எரிஞ்சது, நான் பாத்தேன், பொய் சொல்லிட்டேன் என்று மூன்று வாக்கியம். அவர் கட்டின பூண்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எரிஞ்சது எனக்குத் தெரியாதாய்யா? அன்னைக்கு வெள்ளனே நாந்தான் ரெண்டு பக்கமும் புது பல்பு மாட்டுனேன். எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போவுது? நம்புனவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

அவருடைய மனைவி நிலைப்படியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. அது சரிதான். கிளம்பும்போது லூர்துவை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நானும் செல்வராசு மாமாவும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் திரும்பியபோது அவர் கேட்டார், உம்மவன் இப்ப என்ன வண்டி ஓட்டுறான் என்று. நாக்பூர் வண்டிக்குப் போகிறான் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவனும் நம்புறான்ல?"

நம்புகிறான் என்றேன்.

"அப்ப மொதல்ல அவங்கிட்டச் சொல்லு. வெரசாச் சொல்லு."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் காலோடு அவர் உன்னைப் பற்றிக் கவலைப்பட்டதை நான் என்ன செய்வது என்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். ஆறு தடவை. நீ எடுக்கவில்லை. அம்மாவின் போனிலிருந்து போட்டபோது எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வண்டி கிளம்புது, பெறகு பேசுறேன் என்று வைத்தாய். பழனிக்கே வந்துவிடலாம் என்று ஷெட்டுக்கு வந்தேன். நீ லோடுக்குத் திண்டுக்கல் போயிருப்பதாகச் சொன்னார்கள். மதியம்வரை ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். உன் முதலாளி வந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. இவன் ஒட்டி ஓட்டுகிறவன், பெரிய வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் அவர் கேட்பார். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். என்னய்யா என்றார். ஒன்றுமில்லை, மகனைப் பார்க்க வந்தேன் என்றேன். இன்னொருவனுடைய பிழைப்பை ஒரு வாக்கியத்தில் கெடுத்தவன் நான். உன்னுடையதையும் அப்படிக் கெடுக்க வாய் வரவில்லை. இதுவும் தப்பாக இருக்கலாம். சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே எனக்குத் தெரிந்ததை இதில் எழுதுகிறேன், நீ படிப்பாயோ மாட்டாயோ. சமவெளி என்பதால் மலையைவிடச் சுலபம் என்று நினைக்காதே. இங்கே வளைவு நம்மை மெதுவாக்கும், அங்கே உன்னை மெதுவாக்க எதுவும் இல்லை. முன்னால் போவது கார் என்றால் அது நிற்கிற தூரத்தில் நீ நிற்க மாட்டாய். அவன் எடை வேறு, உன் எடை வேறு. உன் அளவை உன் எடையை வைத்துப் போடு. முன்னால் பெரிய வண்டி என்றால் அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது என்பது உனக்குத் தெரியாது. அதற்காகவும் தள்ளிப் போ. மழை ஆரம்பித்த முதல் கொஞ்ச நேரம்தான் ரோடு ரொம்ப வழுக்கும். தூசியும் எண்ணெயும் அப்போதுதான் மிதக்கும். முன்வண்டியிலிருந்து எதுவாவது சொட்டினால், மீன் வண்டியோ தண்ணீர் வண்டியோ, அதன் கோட்டிலிருந்து விலகிப் போ. பின்னால் வருகிறவன் உன்னை ஒட்டி வந்தால் கோபப்பட்டு வேகமெடுக்காதே. உனக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இடத்தைக் கூட்டிக்கொள். நீ திடீரென்று நிறுத்தாமல் இருந்தால் அவனும் பிழைப்பான். அளவு வேண்டும் என்றால் ஜெபத்தைச் சொல், ஆனால் லூர்து சொல்கிற வேகத்தில் சொல். அவமானமாக இருந்தால் மனதுக்குள் சொல். ஜெபத்தில் உனக்கு நம்பிக்கை இல்லை என்றால் எண்களைச் சொல், அவசரப்படாமல். எதை வைத்து அளந்தாலும் மாதத்துக்கு ஒரு முறை கடிகாரத்தோடு ஒத்துப் பார். வாய் நம்மை ஏமாற்றிவிடும்.

இந்தக் கடிதத்தை லூர்து இரண்டு பிரதியாக எழுதுகிறாள். ஒன்று, நாளைக் காலைப் பஸ்ஸில் கண்டக்டர் கையில் பழனி ஷெட்டுக்கு வரும். அடுத்ததைச் சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள்மலை ஸ்டாண்டில், லோடு விவரம் எழுதிப் போடுகிற பலகையில் ஒட்டப் போகிறோம். வண்டிகள் வரிசையாக நிற்கிற நேரம். எல்லோரும் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துச் சொல்வார்கள். நீ அன்றைக்குச் சட்டையைப் பிடித்தவனும் படிப்பான். மறுநாள் நீ புது வண்டியில் ஏறும்போது உன் கூட்டாளிகள் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், உன் காது படப் பேசுவார்கள். உன் முதல் நாளை நான் கெடுக்கிறேன் என்று தெரிந்துதான் செய்கிறேன். ஒரு வாரம் கழித்து ஒட்டலாமே என்று அம்மா அழுதாள். மூன்று வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் அதுதான், ஒரு வாரம் கழித்து. போலீஸிலும் போய்ச் சொல்லப் போகிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

உன்னை நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வளர்ந்தவன், உன் லைசென்ஸ் உன் பையில் இருக்கிறது, வண்டி நான் பார்க்காத ஊர்களில் ஓடப் போகிறது. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். முன்னால் போகிறவன்மேல் பழி போட உனக்கு ஒரு கதை கொடுத்திருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாகத் தர என்னிடம் வேறு கதை இல்லை.

எழுதி முடித்ததும் லூர்து முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. பலகையில் ஒட்டுகிற காகிதத்தில் செல்வராசு மாமா என்று வருகிற முதல் இடத்தில் அவருடைய அப்பா பெயரையும் ஊரையும் சேர்க்கச் சொன்னேன். படிக்கிறவர்கள் வேறு எந்தச் செல்வராசையோ நினைத்துவிடக் கூடாது. கடைசியில் என் முழுப் பெயரும், அன்றைக்கு ஓட்டிய லாரியின் நம்பரும். உனக்கு வருகிற காகிதத்திலும் அதையே போடு என்றேன். அண்ணனுக்கு அப்பான்னு போட்டாப் போதும்ப்பா என்று தானாகவே போட்டுவிட்டாள். அந்தச் சொல்லை நீ வைத்துக்கொள்கிறாயா, அடித்துவிடுகிறாயா என்பதை இங்கிருந்து என்னால் பார்க்க முடியாது.

அப்பா